மறுநாள் காலை வரை பொறுங்கள்

சென்னையில் விடியுமுன் ஓடப் புறப்படும் குழுக்களின் நண்பர்களுக்கும், அந்தக் குழுக்களுக்கு வழிகாட்டும் பயிற்சியாளர்களுக்கும்,



ஜனவரி மாரத்தான் நெருங்குகிறது. மழை விட்ட ஞாயிறுகளில் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரிலும் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. லாங் ரன் 24, 28, 32 கிலோமீட்டர் என்று ஏறும் பருவம் இது. இதே பருவத்தில்தான் கணுக்காலிலோ முழங்காலிலோ கீழ்க்கால் எலும்பிலோ அடிபட்டு ஒதுங்கியிருந்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். அவர்களைக் கண்டதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "ஜனவரிக்கு ரெடி ஆயிடுவீங்கள்ல?" என்பதுதான். அன்பாகத்தான் கேட்கிறோம். அந்தக் கேள்வியை இந்தப் பருவத்தில் யாரிடமும் கேட்காதீர்கள் என்று வேண்டுவதற்காக இந்த மடலை எழுதுகிறேன்.

மாதக்கணக்கில் தனியாகக் கிடந்து, ஸ்ட்ராவா செயலியில் மற்றவர்களின் ஓட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்ல மனம் வராது. "பார்க்கலாம்" என்பார். அடுத்த ஞாயிறு உங்கள் வேகத்தில் எட்டு கிலோமீட்டர் ஓடுவார். அதற்கடுத்த ஞாயிறு பன்னிரண்டு. மூச்சு நன்றாகவே இருக்கும், முகத்திலும் பழைய களை வந்துவிடும். பிறகு ஒரு வாரம் காணாமல் போவார். அதே கால், அதே இடம். ஓட்டக் காயங்களைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு ஒன்று உண்டு: ஏற்கெனவே காயம்பட்டவருக்குத்தான் மறுபடி காயம்படும் வாய்ப்பு அதிகம். நம் குழுக்களில் அதை ஆண்டுதோறும் கண்ணெதிரே பார்க்கிறோம். பார்த்த பிறகும் ஒவ்வொரு முறையும் "துரதிர்ஷ்டம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இதில் பெரும்பங்கு துரதிர்ஷ்டம் அல்ல என்பதே என் வாதம்.

உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை. 1984இல் எட்வர்ட் காய்லும் அவருடைய சகாக்களும், நன்கு பயிற்சி பெற்ற சிலரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். உடம்பு உச்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 21 நாட்களில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாட்களில் 16 சதவீத இழப்போடு அது நின்றுவிட்டது. எதுவுமே செய்யாமல் இருந்தவர்களின் கணக்கு இது. ஓய்வுக் காலத்தில் சைக்கிள் மிதித்தவர்களும் நீச்சல் அடித்தவர்களும் இந்த அளவுக்குக்கூட இழப்பதில்லை. ஆகவே இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழைய நிலைக்கு வருகின்றன. திரும்பிவந்த இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே "நான் பழையபடி ஆகிவிட்டேன்" என்று தோன்றுவது இதனால்தான். அந்த உணர்வு பொய்யில்லை. ஆனால் அது மூச்சைப் பற்றிய செய்தி மட்டுமே. எலும்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

எலும்பு தன்னைப் பழுதுபார்க்கும் முறை, நம் ஊரில் தார்ச்சாலை போடும் முறையைப் போன்றது. முதலில் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் புதியது. கீழ்க்கால் எலும்பில் மயிரிழை போன்ற கீறல் விழுந்தால், சேதமடைந்த பகுதியை அரித்தெடுக்கும் செல்கள் முதலில் வேலைக்கு வருகின்றன. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். காலியான இடத்தைப் புது எலும்பால் நிரப்ப ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். வலியோ அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. நிரம்பாத எலும்பின்மேல் அந்த விசையை ஆயிரக்கணக்கான முறை இறக்குவதைத்தான், "வலி இல்லை, ஓடலாம்" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தசைநாண்களின் கதை வேறு. 2013இல் டென்மார்க்கில் காட்யா ஹைனமயர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. 1955 முதல் 1963 வரை வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு ஏறியது, பிறகு படிப்படியாக இறங்கியது. உணவு வழியாக அது எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாணில் அந்தக் கார்பன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்தத் திசு எந்த ஆண்டில் உருவானது என்று கணிக்க முடியும். அளந்தபோது தெரிந்தது இது: தசைநாணின் உட்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. நாற்பது வயதில் நாம் ஓடுவது பள்ளிக்கூட நாளில் அமைந்த நாணை வைத்துக்கொண்டுதான். இதைப் படித்த பிறகு, "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்று அக்கிலீஸ் வலிக்காரர் எவரிடமும் என்னால் சொல்ல முடியவில்லை. ஓய்வில் வலி அடங்கும், நாண் வலுப்பெறாது. அதை வலுவாக்குவது அளந்து ஏற்றும் சுமைதான்.

1998இல் ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் செய்துகாட்டியது அதையே. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்குவது. முட்டி நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம். அவர் எடுத்துக்கொண்ட, அக்கிலீஸ் வலியுள்ள 15 பேரும் மீண்டும் ஓடினார்கள். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டும் போதும். நம் குழுக்களில் பிசியோ எழுதிக்கொடுத்த இந்தப் பயிற்சியைப் பத்தாம் நாளில் நிறுத்திவிட்டு, புது ஷூ வாங்கப் போகிறவர்களே அதிகம்.

இனி வலியைப் பற்றி. இந்த மடலில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். தசைநாண் வலியையும் எலும்பு வலியையும் ஒரே விதியால் அளக்கக் கூடாது. 2007இல் ஆய்வாளர் கரின் சில்பர்நாகல், அக்கிலீஸ் வலியுள்ள 38 பேரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர் முதல் ஆறு வாரம் ஓடவோ குதிக்கவோ இல்லை. மற்றவர்கள் தொடர்ந்து ஓடினார்கள், ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு: பூஜ்யம் முதல் பத்து வரை வலியை அளந்தால் ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. வலுவூட்டும் பயிற்சி இரு பிரிவுக்கும் ஒன்றே. முடிவில் இரு பிரிவினரும் ஒரே அளவுக்குக் குணமானார்கள். ஆகவே அக்கிலீஸில் இலேசான வலியோடு ஓடுவது குற்றமில்லை. எலும்பில் அந்தச் சலுகை கிடையாது. விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் மட்டும் எலும்பு வலித்தால், ஓட ஓட அது குறையாமல் கூடினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். தொடை எலும்பின் கழுத்தில் விழும் கீறல், கவனிக்காமல் விட்டால் முழு முறிவாகி அறுவை சிகிச்சையில் கொண்டுபோய் நிறுத்தும். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் இந்தக் கீறல்கள் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரு வரியை நம்பி லாங் ரன் போனவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

எந்தக் காயமானாலும் மறுநாள் காலை கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளை நம்பலாம். ஓடும்போது உடம்பு சூடாகி வலி மறைந்திருக்கும், ஓடி முடித்த மகிழ்ச்சியும் மறைத்துவிடும். காலையில் எதுவும் மறைக்காது. நேற்றைவிட விறைப்பும் வலியும் கூடியிருந்தால் நேற்று ஓடியது அதிகம். அப்படி இல்லையென்றால் அந்த அளவு சரி, இன்னும் ஓரிரு முறை அதையே ஓடிப் பார்த்துவிட்டுக் கூட்டலாம்.

இந்த இடத்தில் யாராவது அமெரிக்க ஓட்டக்காரர் ஜோன் பெனாய்ட்டை நினைவுபடுத்துவார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் கதை அது. 1984 ஏப்ரல் 25 அன்று முழங்காலில் அறுவை சிகிச்சை. 17 நாள் கழித்து, மே 12 அன்று அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் வெற்றி. ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸில், ஒலிம்பிக்கில் பெண்களுக்கென நடந்த முதல் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் தங்கம். அந்தக் கதை முழு உண்மை. அந்த வெற்றியை நான் வணங்குகிறேன். ஆனால் அவருடைய மூட்டுக்குள் தடையாக இருந்தது நார்த்திசு. அதை அகற்றியதும் தடை நீங்கியது. கீறல் விழுந்த எலும்பில் அகற்றுவதற்கு எதுவும் இல்லை. அங்கே காலம்தான் வேலை செய்ய வேண்டும்.

அதைவிட நமக்குப் பொருந்துவது பவுலா ராட்கிளிஃபின் 2008ஆம் ஆண்டு. அப்போது பெண்கள் மாரத்தானில் உலக சாதனை அவருடையது: 2003இல் லண்டனில் ஓடிய 2:15:25. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்பு தொடை எலும்பில் அழுத்த முறிவு, அதாவது மேலே சொன்ன மாதிரிக் கீறல். ஒலிம்பிக் தேதியை யாராலும் தள்ளிவைக்க முடியாது. போதிய ஓட்டப் பயிற்சி இல்லாமலே நின்றார், கால் இழுக்க இழுக்க ஓடி 23ஆவதாக வந்தார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் வென்றார். ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையே அவருடைய திறமையோ மனவுறுதியோ மாறிவிடவில்லை, எலும்புக்குத் தேவையான மாதங்கள் கிடைத்தன. அவருக்காவது அது ஒலிம்பிக். நமக்கு ஜனவரி மாரத்தான் அடுத்த ஜனவரியிலும் வரும்.

திரும்பி வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் நடை. நொண்டாமல், வலியில்லாமல், அரைமணி நேரம் வேகமாகச் சில நாட்கள் தொடர்ந்து நடக்க முடிய வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நல்ல காலால் எத்தனை முடிகிறதோ அதற்குப் பக்கத்திலாவது வர வேண்டும். அந்தக் காலில் வலியின்றிக் குதிக்கவும் முடிந்த பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று தொடங்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மெல்ல மெல்ல ஓடும் நிமிடம் கூடி நடக்கும் நிமிடம் குறையட்டும். முதலில் நேரம் கூடட்டும், வேகம் பிறகு. அடிகளைச் சற்றே குறுக்கி, நிமிடத்துக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாக அடி வையுங்கள். இதனால் முழங்காலிலும் இடுப்பிலும் ஏறும் சுமை குறைவதை பிரையன் ஹைடர்ஷைட்டின் 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியிருக்கிறது. அக்கிலீஸ் வலி இருப்பவர்கள் பீச் மணலில் ஓட வேண்டாம். மணல் மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. குதிகால் புதையப் புதைய அந்த நாண் கூடுதலாக இழுபடுகிறது. சாலையோரச் சரிவில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுவதையும் தவிருங்கள்.

ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் நம்மிடையே பரவியிருப்பது எனக்குப் பெருங்கவலை தருகிறது. வலியை மறைத்துக்கொண்டால் நிறுத்த வேண்டிய நேரம் தெரியாமல் போகும். சென்னைப் புழுக்கத்தில் வியர்த்து உடம்பில் நீர் வற்றிய நிலையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தையும் பாதிக்கக் கூடும். இடுப்புப் பையில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று தரும் நண்பர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

"வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டு" என்பது நம் குழுக்களில் வேதவாக்கு. நெதர்லாந்தில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாக ஓட வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதைச் சோதித்தது. பத்து சதவீத விதிப்படி மெல்லக் கூட்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் காயம். வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களிலும் அதே ஐந்தில் ஒருவருக்குக் காயம். 2025இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு வேறொன்றைச் சுட்டியது. வாரக் கணக்கை விட, ஒரே ஓட்டத்தில் ஏற்படும் தாவல்தான் ஆபத்தானது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைப் பத்து சதவீதத்துக்குமேல் ஒரே ஓட்டத்தில் மீறியபோது காயங்கள் கூடின. திரும்பி வருகிறவருக்கு அப்படித் தாவ வேண்டிய நெருக்கடியைத் தருவது எது? நம்முடைய ஞாயிற்றுக்கிழமை லாங் ரன். வாரநாட்களில் மூன்று மூன்று கிலோமீட்டராக ஒழுங்காக ஓடியவர், ஞாயிறன்று நம்மோடு சேர்ந்து பத்து ஓடிவிடுகிறார்.

எலும்பு கீறியவர்களிடம் யாரும் கேட்காத கேள்வி, "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்பது. ஓடுவதற்கேற்ற உணவு இல்லாதபோது உடம்பு எலும்பைக் கவனிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கெனத் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. பெண்களில் மாதவிலக்கு தள்ளிப்போவதும் நின்றுபோவதும் இதன் தெளிவான அறிகுறி. "நல்லா ஓடுறேன், அதான் நின்னுடுச்சு" என்று அதைப் பயிற்சியின் பலனாக எடுத்துக்கொள்ளும் சகோதரிகளே, அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. எடை குறைந்தவரைப் பார்த்ததும் கைதட்டும் வழக்கத்தைக் குழுக்களும் விட வேண்டும். இன்னொன்று: நான்கரை மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு முடித்து அலுவலகத்துக்குள் போய்விடும் நமக்கு, இத்தனை வெயில் கொட்டும் ஊரிலும் வைட்டமின் டி குறைவாக இருக்கக் கூடும். விடியற்கால வெளிச்சத்தில் தோல் அதைத் தயாரிப்பதில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பயிற்சியாளர்களே, உங்களிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நம் ஞாயிறு ஓட்டங்கள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் போய்த் திரும்புபவை. ஐந்தாவது கிலோமீட்டரில் கால் வலித்தால், திரும்பி வரவும் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறது. விடியற்காலை ஈ.சி.ஆரில் ஆட்டோ கிடைக்காது. பலர் வலியோடு ஓடியே திரும்புகிறார்கள். எலும்பை உடைத்துக்கொள்ள அது போதும். அதற்குப் பதிலாக, கூடும் இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் ஒன்றைத் திரும்பி வருகிறவர்களுக்கென்று வையுங்கள். எந்த நிமிடமும் நின்றுவிடலாம், தண்ணீரும் வண்டியும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நடப்பவர் அங்கே தனியாகத் தெரியமாட்டார், பக்கத்திலேயே இன்னும் இருவர் அப்படித்தான் போய்க்கொண்டிருப்பார்கள். காயம்பட்டவரை உடனே தண்ணீர் கொடுக்கும் வேலையில் நிறுத்திவைக்கிறோமே, அதை அவர் விரும்பினால் மட்டும் செய்யட்டும். ஓட்டம் முடிந்து எல்லோரும் இட்லி சாப்பிடப் போகும்போது, அன்று ஓடாமல் நடந்தவரையும் அழைத்துப் போங்கள். அடிபட்டவர்கள் அவசரப்படுவதற்கு மெடல் ஆசையைவிட அந்த மேசையில் இடம் போய்விடுமோ என்ற பயமே காரணம் என்று நான் நம்புகிறேன்.

சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் மறுநாள் திட்டத்தைப் போடுவீர்கள்: 32 ஃபுல் காரர்களுக்கு, 18 ஹாஃப் காரர்களுக்கு, 8 பத்து கிலோமீட்டர் காரர்களுக்கு. அதன் கீழே நான்காவதாக ஒரு வரி சேருங்கள்: "திரும்பி வருகிறவர்களுக்கு, 30 நிமிடம், நடையும் ஓட்டமும், கூடும் இடத்திலேயே." அந்த வரிக்குப் பொறுப்பாக உங்களில் ஒருவர் பெயரையும் போடுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஒருவர்